அரைநூலார் பட்டறையில் ஒரு பாக்கி வேலை

உருண்டையாக ஓர் ஓட்டை கண்ணில் பட்டால் போதும், அவருடைய கட்டைவிரல் அதற்குள் போய்விடும். என் வீட்டுக்கு வந்தால் நேரே கை கழுவும் தொட்டிக்குத்தான் போவார். கை கழுவ அல்ல. தண்ணீர் இறங்குகிற ஓட்டையில் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவார். கண்ணை மூடிக்கொள்வார். பிறகு நாடி பார்த்த வைத்தியர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "வாய் சின்னதா இருக்கு. இன்னும் அரை நூல் எடுக்கலாம்" என்பார். நான் ஓடிப்போய்த் தொட்டியை மறைத்துக்கொண்டு நிற்பேன். ஏனென்றால் அவர் சொல்லிவிட்டுச் சும்மா போகிற ஆள் இல்லை.

நூல் என்பது லேத் பட்டறைக்காரர்களின் அளவு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதில் பாதி அரை நூல். ஒரு மழைக்காலத்தில் என் வாசல் கதவு ஊறிப்போய் நிலையில் இடித்தது. தெரியாத்தனமாக அவரிடம் சொல்லிவிட்டேன். இழைப்புளியோடு மாடி ஏறி வந்தார். இழைத்தார். கதவு அழகாகச் சாத்திக்கொண்டது. நான் நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள், "இன்னும் அரை நூல் எடுத்தா வெண்ணெய் மாதிரி போகும்" என்று இன்னும் ஓர் இழைப்பு இழைத்துவிட்டார். அன்றிலிருந்து என் கதவு வெண்ணெய் மாதிரிதான் போகிறது, வருகிறது. ஓர் இடத்தில் நிற்கத்தான் மாட்டேன் என்கிறது. செய்தித்தாளை மடித்து அடியில் செருகிவிட்டுத்தான் நான் தூங்குவது. தெருவில் அவருக்கு அரைநூலார் என்று பெயர் வைத்தவன் யாரோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

அவருடைய தொழிலைக் கேட்டால் நீங்களும் என்னைப் போல முதலில் நம்பமாட்டீர்கள். இப்போது யாரும் தயாரிக்காத, முதுகு உப்பிய பழைய ஸ்கூட்டர்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் எஞ்சினுக்கு அலுமினியத்தில் ஒரு கூடு உண்டு. கேசிங் என்பார்கள். அந்தக் கூட்டின் வாயில்தான் சிலிண்டர் உட்காரும். சின்ன எஞ்சினுக்குச் சின்ன வாய், பெரிய எஞ்சினுக்குப் பெரிய வாய் என்று செய்தவன் கணக்காகத்தான் செய்திருக்கிறான். செய்தவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது அரைநூலாரின் கட்சி. சின்ன வாயை லேத்தில் கட்டிக் குடைந்து, அதில் அடங்கவே அடங்காத பெரிய சிலிண்டரைக் கொண்டுவந்து உட்காரவைப்பார். அதுவரை சைக்கிளுக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போன வண்டி, மறுநாள் பஸ்ஸை முந்தும்.

ஓட்டுகிறவர்கள் பாதி வயதைத் தாண்டியவர்கள். கல்யாண போட்டோ எடுக்கிறவர், டியூஷன் வாத்தியார், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் என்று வரிசையாக வருவார்கள். வரும்போது சாதுவாக வருவார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது மட்டும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு போவார்கள். டியூஷன் வாத்தியார் அந்த வாரமே போய் மருந்துக்கடைப் படிக்கட்டில் ஏறி நின்றார், வண்டியோடுதான். நெற்றியில் பிளாஸ்திரியுடன் வந்து, "மாஸ்டர், வேகம் பிரமாதம். பிரேக் அதே பழைய பிரேக்கா இருக்கே?" என்று பணிவாகக் கேட்டார். அரைநூலாருக்கு வந்ததே கோபம். "ஓட வைக்கிறது என் வேலை சார். நிறுத்துறது உங்க பாடு" என்றார். வாத்தியார் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்!

பட்டறை என் வீட்டுக்கு நேர் கீழே. லேத் ஓடினால் என் மேஜையில் டீ கோப்பை தானாக நகரும். உள்ளே போனால் தரையெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ச் சுருண்ட அலுமினியச் சீவல். செருப்பில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். லேத்தில் சுற்றுகிற வட்டமான முகத்தட்டில் கேசிங்கைக் கட்டுவதற்கு அவரே ஒரு பிடிமானம் செய்து வைத்திருக்கிறார். ஒரு பக்கம் கேசிங். மறுபக்கம் அது ஆடாமல் சுற்றுவதற்கு எடையாக ஒரு தையல் மெஷின் சக்கரம். அந்தத் தையல் மெஷின் அவர் தங்கையுடையது. சக்கரம் எங்கே போயிற்று என்று அந்தம்மா இன்னும் தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

வேலையில் மட்டும் ஒரு நியதி வைத்திருக்கிறார், அதை யாருக்காகவும் மாற்றமாட்டார். கேசிங் என்பது இரண்டு பாதி. இரண்டையும் போல்ட் போட்டு இறுக்கி, ஒன்றாகச் சேர்த்துத்தான் குடைவார். ஒரு பாதி உடைந்துவிட்டது, வேறு வண்டியிலிருந்து ஒரு பாதி கொண்டுவந்திருக்கிறேன் என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவார். "ரெண்டு பாதியும் ஒரே நாள்ல ஒண்ணா பொறந்தது சார். பிரிச்சு வேற எதோடயாவது சேர்த்தீங்கன்னா ஆயுசுக்கும் எண்ணெய் ஒழுகிட்டே இருக்கும்" என்பார். ஜாதகப் பொருத்தம் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு கறாராக இருந்து நான் கண்டதில்லை.

இப்படி ஊரில் இருந்த பழைய ஸ்கூட்டர்களை ஒவ்வொன்றாகக் குடைந்து தீர்த்தார். ஒன்றே ஒன்று பாக்கி. அது அவர் மனைவியின் வண்டி.

மனைவி மேட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ். தெருவே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். கல்யாணத்துக்கு முன்னால் முதல் சம்பளத்தில் அவரே வாங்கிய வண்டி அது. இருப்பதிலேயே சின்ன சிலிண்டர். மேட்டுச் சாலையில் ஏறவில்லை என்று அப்போதே அரைநூலாரிடம் கொண்டுவந்து விட்டிருக்கிறார். மிச்சத்தை சிஸ்டர் சொல்லித்தான் கேட்க வேண்டும். "அடுத்த வாரம் வாங்கன்னாரு. போனேன். சாமான் வரலைன்னாரு. அதுக்கு அடுத்த வாரம் போனேன். கழட்டிப் பாத்தேன், மறுபடி மாட்டிட்டேன்னாரு. இப்படியே போயிட்டு வந்துட்டு இருந்தேன். எங்க அம்மா சந்தேகப்பட்டு ஒரு நாள் கூடவே வந்தாங்க. அப்புறம் கல்யாணமே ஆயிடுச்சு. வண்டி மட்டும் இன்னும் ரெடியாகலை."

நான் அரைநூலாரை மடக்கினேன். "என்ன மாஸ்டர் இது, காதல் கதையா?"

"சேச்சே! அந்தக் கேசிங்கைப் பாத்திருக்கீங்களா? உருண்டைன்னா அது உருண்டை. அது மாதிரி ஒரு வாய் நான் பாத்ததே இல்ல. கத்தி வைக்க மனசு வரல" என்றார். காது மடல் சிவந்திருந்தது.

"என்னைப் பாக்குறதுக்காக இழுத்தடிச்சாரா, கேசிங்கைப் பாக்குறதுக்காக இழுத்தடிச்சாரான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது" என்றார் சிஸ்டர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இருந்தாலும் கேள்வி கேள்விதானே.

ஆக, ஊரிலுள்ள எல்லா ஸ்கூட்டர்களையும் பறக்கவிட்ட மனிதரின் மனைவி, தினமும் காலையில் தண்ணீர்த் தொட்டி வளைவு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், அங்கே வண்டிக்கு மூச்சு நின்று, இறங்கிவிடுவார். இறங்கித் தனியாகத் தள்ளுவார் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேதான் வேடிக்கை. அரைநூலார் முன்னாடியே நடந்துபோய் அந்த வளைவில் காத்திருப்பார். கால் வழுக்கக்கூடாது என்று செருப்பைக் கழற்றித் தடுப்புச் சுவர்மேல் வைத்துவிட்டு, கால்சட்டையை முழங்கால் வரைக்கும் சுருட்டிவிட்டு, வெறுங்காலோடு நிற்பார். வண்டி திணறும்போது பின்னாலிருந்து ஸ்டெப்னி சக்கரத்தில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தள்ளுவார். சிஸ்டர் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு முன்னால், இவர் பின்னால். முதல் தடவை நான் பார்த்தபோது ஏதோ சண்டை, அந்தம்மா வீட்டை விட்டுப் போகிறார், இவர் பிடித்து இழுக்கிறார் என்று பதறி ஓடினேன். கிட்டே போனால் இரண்டு பேரும் தண்ணீர் வரி கட்டுவதைப் பற்றிப் பேசிக்கொண்டு போகிறார்கள்.

"குடைஞ்சு குடுத்தா ஒரு நாள் வேலை. இப்படி தினமும் தள்ளணுமா?" என்றேன் திரும்பி வரும்போது.

"தள்றது சுலபம் சார்" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

இந்த ஏற்பாட்டில் மண்ணைப் போட்டவர் ஒரு பல் டாக்டர். பழைய ஸ்கூட்டர் சேர்க்கிறவர். சேர்ப்பாரே தவிர ஓட்டமாட்டார். கண்ணாடிக் கதவு போட்ட அறையில் நிறுத்தி, துணி போட்டு மூடி வைப்பார். அவருக்குக் குடையாத, கை படாத கேசிங் ஒரு ஜோடி வேண்டுமாம். ஊரெல்லாம் தேடி அலுத்துக் கடைசியில் இவரிடம் வந்தார்.

"குடையாதது ஒண்ணுகூடவா இல்ல?"

"நான் விட்டாத்தானே சார் இருக்கும்?" என்றார் அரைநூலார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. பெருமை ஆளை எப்படிக் கவிழ்க்கிறது பாருங்கள். சொல்லி வாயை மூடவில்லை, டாக்டரின் பார்வை வாசலில் நின்ற சிஸ்டரின் வண்டிமேல் விழுந்துவிட்டது. மனிதர் அப்படியே குந்தி உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை எடுத்து எஞ்சினுக்கு அடியில் விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு பரவசம்.

டாக்டர் சொன்ன ஏற்பாடு நியாயமாகத்தான் இருந்தது. அவரிடம் முழு எஞ்சின் ஒன்று இருக்கிறது, பெரிய சிலிண்டர் போட்டது, அரைநூலாரே எப்போதோ குடைந்து கொடுத்தது. அதை அப்படியே சிஸ்டரின் வண்டியில் மாட்டிக்கொள்ளட்டும். இந்த எஞ்சினை அவரிடம் கொடுத்துவிடட்டும். அரைநூலார் முடியாது என்று தலையாட்ட ஆரம்பித்த நேரத்தில் டியூட்டி முடிந்து வந்து, வண்டியை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போயிருந்த சிஸ்டர் திரும்பி வந்தார். நின்று முழுவதையும் கேட்டார்.

"அந்த எஞ்சின் மேட்டுல ஏறுமா?"

"நான் குடைஞ்சதாச்சே. பறக்கும்" என்றார் அரைநூலார். இந்த இடத்தில்கூட அவரால் தன் வேலையைக் குறைத்துச் சொல்ல முடியவில்லை.

"அப்ப குடுத்துடலாம். ஞாயித்துக்கிழமை கொண்டாங்க டாக்டர்."

டாக்டர் தெரு முனை தாண்டுகிற வரைக்கும் சிஸ்டர் பொறுத்திருந்தார். பிறகு கைப்பையை லேத் மேல் வைத்தார். லேத் மேல் யாரும் எதையும் வைக்கக்கூடாது. அரைநூலார் கைப்பையை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இதோ பாருங்க, மேட்ரன் நேத்து கூப்பிட்டு சொல்லிட்டாங்க. இன்னொரு தடவை லேட்டா வந்தா இனிமே உனக்கு நைட் டியூட்டிதான், மாத்தவே மாட்டேன்னு. அப்புறம் நான் வீட்டுக்கு வரும்போது நீங்க பட்டறையைத் திறப்பீங்க. நீங்க மூடும்போது நான் கிளம்புவேன். வாசப்படியில பாத்துக்கிட்டு போக வேண்டியதுதான். அப்படிக் குடும்பம் நடத்த எனக்கு இஷ்டம் இல்லங்க."

"நான் தள்றேனே..."

"தள்ளிக்கிட்டுப் போறதாலதான் லேட்டாவுது! அங்க எல்லாரும் சிரிக்கிறாங்க. லேத் மாஸ்டர் பொண்டாட்டி வண்டி தள்ளிக்கிட்டு வருதுன்னு. எனக்கு அழுகையா வருது, தெரியுமா உங்களுக்கு?" கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள நீங்க குடைஞ்சு குடுத்தா என் எஞ்சின் என்கிட்டயே இருக்கும். இல்லேன்னா டாக்டர் வீட்டு அலமாரிக்குப் போகும். எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

அன்று சாயங்காலம் அரைநூலார் மாடி ஏறி வந்தார். என் கதவு வழக்கம்போலத் தானாகத் திறந்து வழிவிட்டது. கை கழுவும் தொட்டிப் பக்கம்கூடப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பயமா இருக்கு சார்."

"என்ன மாஸ்டர் நீங்க! ஊர்ல நீங்க குடையாத கேசிங் உண்டா?"

"அதெல்லாம் ஊரான் கேசிங்கு. சுவரு பிச்சுக்கிட்டா வேற ஒண்ணு பாத்துக்கலாம்னு ஒரு தைரியம். இதுக்கு வேற ஏது?"

ஊரான்களில் நானும் ஒருவன் என்பதால் எனக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. அவர் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்:

"அதை விடுங்க. குடைஞ்சு குடுத்துட்டேன்னா, அப்புறம் காலையில நான் எதுக்கு எழுந்திருக்கணும்?"

"நிம்மதியாத் தூங்குங்களேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணம் ஆகாதவனைப் பார்த்து இப்படிப் பரிதாபப்பட ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை எஞ்சினை இறக்கினார். கேசிங்கை மண்ணெண்ணெயில் கழுவினார். இரண்டு பாதியையும் சேர்த்து இறுக்கினார். சுவர் மெலிகிற இடங்களில் வெளிப்பக்கம் அலுமினியம் வைத்து வெல்டிங் செய்து ஆறவிட்டார். பிறகு முகத்தட்டில் கட்டி, தையல் மெஷின் சக்கரத்தை மறுபக்கம் மாட்டி, மையம் பார்க்கிற முள்ளை வாயின் ஓரத்தில் வைத்துக் கையாலேயே மெல்லச் சுற்றினார். ஊரான் கேசிங்குகளில் அந்த முள் அப்படியும் இப்படியுமாக ஆடி நான் பார்த்திருக்கிறேன். இதில் முள் அசையவே இல்லை. "பாத்தீங்களா?" என்றார் என்னிடம். பார்த்தேன். வருத்தமாகத்தான் இருந்தது, எனக்கே.

சிஸ்டர் டியூட்டி உடுப்பிலேயே வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். ஆபரேஷன் அறையில் நிற்கிற பழக்கம் போலிருக்கிறது, கைகளைக் கட்டிக்கொண்டு.

லேத் ஓடியது. சீவல் சுருள் சுருளாக விழுந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, கத்தியை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். நெற்றி வியர்வையைத் துடைக்கவும் இல்லை. நடுவில் சட்டென்று சுவிட்சை அணைத்துவிட்டு, "போதும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனிதர் வாயிலிருந்து இந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. இது முன்பே தெரிந்திருந்தால் என் கதவு பிழைத்திருக்கும்.

சிஸ்டர் புது சிலிண்டரை எடுத்து வாயில் வைத்தார். விளிம்பு இடித்துக்கொண்டு நின்றது.

"இறங்கலையே."

"கொஞ்சம் தட்டினா இறங்கிடும்."

"ஊரான் கேசிங்குல எல்லாம் தட்டித்தான் இறக்குறீங்களா?"

சுத்தியல் பக்கம் போன கையை அரைநூலார் இழுத்துக்கொண்டார். சிஸ்டர் சிலிண்டரைக் கீழே வைத்தார். கட்டைவிரலை வாய்க்குள் விட்டார். ஒரு சுற்றுச் சுற்றினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் அரை நூல் எடுக்கலாம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. அரைநூலார் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவர் மறுபடி சுவிட்சைப் போட்டார். எடுத்தார். சுவர் எங்கும் பிய்க்கவில்லை. இந்தத் தடவை சிலிண்டர் கையை விட்டதும் தானாக இறங்கி உட்கார்ந்தது. அரைநூலார் ஓர் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். சிஸ்டர் அவர் நெற்றியைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி பல் டாக்டர் வந்தார். எஞ்சினைக் கோணியில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார், பாவம். அரைநூலார் எஞ்சினைப் பூட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் எட்டிப் பார்த்தார். குட்டிக் கண்ணாடி தேவைப்படவில்லை. பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர்... ஊர்லயே கடைசி ஜோடி! என்ன காரியம் பண்ணிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல சார்" என்றார் அரைநூலார், தலையை நிமிர்த்தாமல். "ஒரு வேலை ரொம்ப நாளா பாக்கி இருந்தது. முடிச்சுட்டேன்."

திங்கட்கிழமை காலை பால் வாங்க இறங்கினேன். அரைநூலார் வழக்கமான நேரத்தில், வழக்கமான சட்டையில், மேட்டுச் சாலைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

"இன்னிக்கு நீங்க எதுக்கு மாஸ்டர்? வண்டி தானே ஏறிடுமே!"

"முதல் நாள் சார். வழியில நின்னுட்டா?"

நிற்காது என்று என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். பால் பாத்திரத்தோடு நானும் கூடவே நடந்தேன்.

தண்ணீர்த் தொட்டி வளைவுக்கு வந்தோம். அவர் செருப்பைக் கழற்றித் தடுப்புச் சுவர்மேல் வைத்தார். கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டார். கீழே வெகுதூரத்தில் வண்டிச் சத்தம் கிளம்பியது. பழைய சத்தம் இல்லை இது; தடித்த, கனத்த சத்தம். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"பெட்டிக்கடை தாண்டிட்டா... இப்ப மூச்சு வாங்கும் பாருங்க" என்றார்.

வாங்கவில்லை. சத்தம் ஒரே சீராக ஏறி வந்தது. அவர் சாலையில் இறங்கி, முதுகை வளைத்து, ஸ்டெப்னி வருகிற உயரத்துக்கு இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

வளைவில் வண்டி திரும்பியது. சிஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கணவரைப் பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு. ஹாரனை ஒரு தடவை அடித்தார். அரைநூலாரின் விரல் நுனி ஸ்டெப்னியில் பட்டது. பட்டதும் அது போய்விட்டது.

மேலே ஏறி, ஆஸ்பத்திரி கேட்டுக்குள் போய் அந்தச் சத்தம் அடங்குகிற வரைக்கும், நீட்டிய இரண்டு கைகளையும் அவர் கீழே இறக்கவில்லை.